விழுந்த இடத்தைச் சொல்லுங்க

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும், அண்ணனின் நண்பர்களுக்கும், தங்கள் வழக்கை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்களுக்கும் தங்கையின் வணக்கம்.

அண்ணனைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சாதாரண தரம் வரை படித்தவள். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் இருபது வருடம் வேலை பார்த்தவள். அழுகிற குழந்தையைத் தூங்க வைக்கத் தெரியும், கட்டுரை எழுதத் தெரியாது. இருந்தும் இந்த முறை நான்தான் எழுதுவேன் என்று அண்ணியிடம் பிடிவாதம் பிடித்தேன். சென்ற வருடம் நாங்கள் அச்சிட்ட மரண அறிவித்தலில், "தமது இல்லத்தில் தவறி விழுந்து, சிகிச்சை பலனின்றி" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி பொய். அதைத் திருத்துவதற்காகவே பேனாவை எடுத்தேன். ஆனால் அண்ணன் எப்படிப்பட்டவர் என்று சொல்லாமல் அதைத் திருத்தினால், இதற்கா இவ்வளவு என்று நினைப்பீர்கள். ஆகவே முதலில் இருந்து வருகிறேன்.

பசறையில் பஸ் ஏறி, கடைசித் தரிப்பிடத்தில் இறங்கி, மேலே ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் தோட்டம். பெயரை எழுதவில்லை. வழக்கு ஏடுகளில் அது போதுமான தடவை வந்துவிட்டது. அங்கே தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தின் கோடிக் காம்பராவில் அண்ணன் பிறந்தார், ஐந்து வருடம் கழித்து நான். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை. சமைப்பது, எனக்குத் தலை பின்னுவது, பள்ளிக்கூடம் அழைத்துப் போவது எல்லாம் அண்ணன். அவர் பின்னிய சடை எப்போதும் ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கும். கேட்டால், "சடை நேராத்தான் இருக்கு, ஒன் தலைதான் கோணல்" என்பார்.

அண்ணனுக்குப் பதினான்கு வயதில் அது நடந்தது. அப்பாவின் வலது கை ரோலரில் மாட்டி மூன்று விரல்கள் போயின. துணியைச் சுற்றி அப்பாவைத் தோட்டத்து வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகும் வழியில், ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் கூடவே நடந்து வந்தார். நல்ல மனிதர். அம்மா இறந்தபோது ஒரு மூட்டை அரிசி அனுப்பியவர்.

"வெறகு வெட்டும்போது கத்தி பட்டுருச்சுன்னு சொல்லிரு. வீட்டுல நடந்ததா இருக்கட்டும். இல்லன்னா எனக்கு விசாரண வரும். ஒன் வேலைய நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அப்பா அப்படியே சொன்னார். மருந்து கட்டிய டிஸ்பென்சர் ஐயாவுக்குச் சந்தேகம். அண்ணனைப் பார்த்து, "உண்மையா தம்பி?" என்று கேட்டார். அண்ணன் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க ஐயா" என்று தலையாட்டினார். டிஸ்பென்சர் எழுதிக்கொண்டார்.

டீமேக்கர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அப்பாவுக்குக் காவல் வேலை கிடைத்தது. ஒரு வருடத்தில் டீமேக்கருக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றம் வந்தது. புதிதாக வந்தவர் புத்தகத்தைப் புரட்டினார். வீட்டில் விறகு வெட்டி விரலை வெட்டிக்கொண்ட ஆளுக்கு ஸ்டோர் ஏன் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். புத்தகத்தில் அப்படித்தானே இருந்தது? காவல் வேலையும் போனது. அப்பா கடைசி வரையில் பழைய டீமேக்கரைக் குறை சொல்லவில்லை. அண்ணன் மட்டும், "நான் சொன்ன மொதப் பொய்ச் சாட்சி அது" என்று எங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

இருபது வயதில் அண்ணன் இராணுவத்தில் சேர்ந்தார். இதைப் படிக்கும்போது சில உறவினர்களின் முகம் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. தமிழ்ப் பையன், அதுவும் யுத்தம் நடந்த அந்தக் காலத்தில், அந்தச் சீருடையில். லயத்தில் சிலர் அப்பாவோடு பேச்சை நிறுத்தினார்கள். அண்ணன் விடுமுறையில் வரும்போதோ, சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பார்களாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நானே ஒருநாள் கோபமாகக் கேட்டேன், ஏன் போனீங்க என்று.

"அப்பாவுக்கு வேல போச்சு. எனக்கு லொறி ஓட்டத் தெரியும். ஆம்புலன்ஸுக்கு டிரைவர் கேட்டாங்க. அவ்வளவுதான் புள்ள."

வடக்கில் என்ன பார்த்தார் என்று வீட்டில் பேசமாட்டார். ஒரே ஒரு தடவை, "பின்னாடி கெடக்குறவன் எந்தப் பாஷக்காரனா இருந்தாலும் வலி வந்தா அம்மாவத்தான் கூப்புடுறான்" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

ஆறாவது வருடம், மழையில் அவர் ஓட்டிய ஆம்புலன்ஸ் ஒரு பாலத்தருகே புரண்டது. அண்ணனின் இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கி, எடுக்க வேண்டியதாயிற்று. மறுநாளே ஓர் அதிகாரி ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாராம். எந்த இடம், எத்தனை மணி, அப்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தாய், யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாராம். பாலத்தையும் வளைவையும் படம் போட்டு, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, சரி என்று அண்ணன் சொன்ன பிறகே கையெழுத்து வாங்கினாராம். அந்த ஒரு தாளை வைத்துத்தான் அண்ணனுக்குச் செயற்கைக் காலும் ஆயுள் முழுவதும் ஓய்வூதியமும் கிடைத்தன.

ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்த அன்று அண்ணன் அந்தத் தாளின் பிரதியை அப்பாவிடம் காட்டினார். அப்பாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. மிச்சமிருந்த இரண்டு விரல்களால் அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "என் கைக்கு இப்புடி ஒரு தாளு..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அண்ணன் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து, சட்டம் படிக்கப் போவதாகச் சொன்னார்.

உயர்தரப் பரீட்சையில்கூடச் சித்தியடையாத, ஒற்றைக் காலோடு வந்த இருபத்தாறு வயது ஆள். சித்தப்பா ஒருவர், இப்போது அவரும் இல்லை, கோபிக்க மாட்டார், "கூரையேறி கோழி புடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போவானாம்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்தால் கவனமாக இருக்க வேண்டும், அந்தக் காரியத்தை முடிக்காமல் விடமாட்டார்.

பதுளையில் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் எழுதுநராகச் சேர்ந்தார். பகலில் காணி உறுதிகளைத் தட்டச்சு செய்வது, மாலையில் படிப்பது. உயர்தரம் இரண்டாம் முறையில் கிடைத்தது. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை இரண்டு தடவை கைவிட்டது. ஆங்கிலம்தான் காலை வாரியது. அதைச் சொல்லிக்கொடுக்க வந்த ஆசிரியைதான் எங்கள் அண்ணி. பாடம் முடிந்தும் அவர் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை அண்ணன் தேறினார். கொழும்பில் அறை எடுத்துப் படித்து, முப்பத்தெட்டாவது வயதில் சத்தியப்பிரமாணம் செய்துகொண்டு கறுப்புக் கோட்டோடு வந்து நின்றார். அப்பா அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். "பை பெருசா இருக்கே. இதுக்குள்ள கைய வெச்சுக்கிட்டா எத்தன வெரலுன்னு எவனுக்குந் தெரியாது" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் அப்பா காலமானார். தமக்காக வழக்குப் பேசச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

பதுளை பஜாரில் ஒரு ஹாஜியாரின் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் அண்ணன் அலுவலகம் திறந்தார். விபத்தில் காயப்பட்டவர்களின் வழக்கு மட்டும்தான் எடுப்பேன் என்று பலகையும் மாட்டினார். தம்மைத் தேடி வருபவர்கள் எல்லாம் கால் உடைந்தவர்கள், இடுப்பு பிடித்தவர்கள் என்பதை அந்தப் புத்திசாலி யோசிக்கவில்லை. இருபத்திரண்டு படி. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த ஹாஜியார் மேலே வந்தார்.

"லோயர் ஐயா, ஒங்கட ஆக்கள் படியேறுறதப் பாத்து எனக்கு நெஞ்சு வலிக்குது. நாளைக்கு என் படியிலயே ஒருத்தர் விழுந்தா நீங்க எனக்கு எதிராத்தானே கேஸ் போடுவீங்க? கீழ வந்து இரிங்க."

அன்றிலிருந்து வெங்காய மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் நடுவில் அண்ணனின் மேசை. கடைசி வரையில் அங்கேதான் இருந்தது.

வருகிறவர்களிடம் அண்ணன் பெயரைக்கூடப் பிறகுதான் கேட்பார். முதல் கேள்வி, "எங்க விழுந்தீங்க? விழுந்த இடத்தைச் சொல்லுங்க" என்பதாகவே இருக்கும். நோட்டுப் புத்தகத்தில் நான்கு வரி எழுதுவார். இடம், நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, சாட்சி. அந்த இராணுவ அதிகாரி கேட்ட அதே நான்கு. மறுநாள் அளவு நாடாவும் கையுமாக அந்த இடத்துக்கே போய்விடுவார். குளவி கொட்டிய மலையென்றால் அந்த மலைக்கு. வழுக்கிய படியென்றால் அந்தப் படிக்கு. செயற்கைக் கால் தேயிலைச் செடிக்குள் மாட்டும். கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஊன்றுகோலால் ஏறுவார்.

அவரைக் கோபப்படுத்தியவர்கள் தோட்டக் கம்பனிக்காரர்களைவிட எங்கள் ஆட்கள்தான். குளவி கொட்டி முகம் வீங்கிப் படுத்திருப்பவர், "கங்காணி ஐயா அந்தப் பக்கம் போகாதன்னுதான் சொன்னாருங்க, நான்தான் கேக்கல" என்பார். கங்காணி அப்படிச் சொல்லியே இருக்கமாட்டார். நமக்குப் படியளந்தவர் சங்கடப்படக் கூடாது, அவ்வளவுதான். "நம்ம ஆளுங்களுக்குக் கை ஒடஞ்சாலும் மரியாத ஒடையாது" என்று அண்ணன் பல்லைக் கடிப்பார்.

அந்த மரியாதை ஒருநாள் என் வீட்டு வாசலுக்கே வந்தது.

என் வீட்டுக்காரர் அப்போது தோட்டத்து ட்ரெக்டர் சாரதி. ஒரு காலை நேரம், பின்பெட்டியில் கொழுந்தெடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு மேல்மலைக்குப் போகும்போது கோவில் வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. ட்ரெக்டர் பின்னால் உருண்டு, பெட்டி தண்ணீர் ஓடும் கானின் மதிலில் மோதியது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். எங்கள் லயத்து முத்துலெட்சுமி அக்காவின் வலது கை மதிலுக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டியது. முழங்கைக்கு மேலே எடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, மாலையில், கணக்கப்பிள்ளை எல்லோரையும் மாரியம்மன் கோவிலுக்கு வரச் சொன்னார். வண்டி நிற்பதற்கு முன்னால் முத்துலெட்சுமி தானாகக் குதித்துவிட்டாள், பிரேக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று முடிவு. பேசினால் சாரதிக்கு வேலை போகும், வேலை போனால் வீடும் போகும், இரண்டு பிள்ளைகளோடு அவன் எங்கே போவான்? அக்காவுக்கு ஒபிசில் இலேசான வேலை ஒன்று பார்த்துக் கொடுக்கலாம். எங்கள் ஊரில் சூடத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, கையால் அணைத்துவிட்டால் அது சத்தியம். அதை மீறினால் குடும்பம் விளங்காது என்பார்கள். வண்டியில் இருந்த மற்ற ஒன்பது பெண்களும் வரிசையாக வந்து எனக்காக, என் பிள்ளைகளுக்காகச் சூடம் அணைத்தார்கள். அக்காவின் புருஷன் அவருக்குப் பதிலாக அணைத்தார். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

செய்தி கேட்டு அண்ணன் வந்தார். நேராகக் கோவில் வளைவுக்குப் போய் நாடாவைப் பிடித்து அளந்துவிட்டுத்தான் என் வீட்டுக்குள் நுழைந்தார்.

"மச்சான், பிரேக்க பத்தி ஒபிசுக்கு எழுதிக் குடுத்தீங்களா?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எழுதிக் கொடுத்திருந்தார். வண்டியின் ஓட்டத்தையும் பழுதையும் எழுதும் புத்தகம் ஒன்று உண்டு. மேல்தாள் ஒபிசுக்குப் போகும், கார்பன் பிரதி சாரதியிடம் இருக்கும். மூன்று இடத்தில், "பிரேக் சரியில்லை, பார்க்கவும்" என்று எழுதியிருந்தார். புத்தகம் அரிசிப் பானைக்குள், அரிசிக்கு அடியில் இருந்தது. ஒளித்து வைத்தவள் நான்.

"அதெல்லாம் அடுப்புல போட்டாச்சு" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "அம்மன் முன்னால சூடம் அணைச்சீங்களாமே. பிரேக்கு தேஞ்சது அம்மனுக்கு மட்டும் தெரியாதா?"

"ஒங்களுக்குப் பதுளையில வீடு இருக்கு, பேசுவீங்க. எங்களுக்கு இந்தக் காம்பராதான். அப்பாவுக்குச் செய்ய முடியாதத என் தலையில வெச்சு செய்யாதீங்க" என்று கத்தினேன்.

சொல்லக் கூடாத சொல். அண்ணன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு ஒரு வருடம் எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை.

ஒபிஸ் வேலை மூன்று மாதம்தான் ஓடியது. ஒற்றைக் கையால் கூட்டிப் பெருக்க முடியவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். முத்துலெட்சுமி அக்கா ஹாஜியார் கடைக்குப் போனார். "யார் மேலயும் குத்தஞ் சொல்லமாட்டேங்க லோயர் ஐயா, சூடம் அணைச்சிருக்கு. ஆனா சோத்துக்கு ஒரு வழி கேட்டுத் தாங்க" என்றாராம். இப்படி ஒரு வழக்கைக் கையில் எடுக்க அண்ணனால்தான் முடியும். எடுத்தார்.

அக்கா சாட்சி சொன்ன நாளில் நானும் பதுளை நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். என் வீட்டுக்காரரின் பெயர் வருகிறதா என்று பார்க்கத்தான் போனேன். எதிர்த்தரப்பான கம்பனியின் சட்டத்தரணி ஒரே கேள்வி கேட்டார். வண்டி நிற்கும் முன்னால் நீங்களாகக் குதித்தீர்களா? அக்கா கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமாங்க ஐயா. நானாத்தான் குதிச்சேன்."

சொல்லும்போது அக்காவின் சேலைத் தலைப்பு தோளிலிருந்து நழுவியது. எடுத்துப் போட அவருக்கு வலது கை இல்லை. இடது கை சாட்சிக் கூண்டின் விளிம்பைப் பிடித்திருந்தது. தலைப்பு அப்படியே தொங்கியது. எனக்கு அப்போது டிஸ்பென்சர் ஐயா முன்னால் நின்ற அப்பா ஞாபகத்துக்கு வந்தார். "ஆமாங்க ஐயா." அதே சொல். இந்த முறை அந்தப் பொய்யைத் தின்றுகொண்டிருந்தவள் நான்.

வீட்டுக்கு வந்ததும் அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்து என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தட்டி, ஒட்டியிருந்த அரிசியைப் பானைக்குள் போட்டார். "நீயா எடுக்கட்டும்னுதான் இருந்தேன்" என்றார்.

மறுநாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். அன்று தட்டைப் பிடித்தவள் நான்தான், ஆகவே நானே சூடத்தை ஏற்றினேன். எங்களுக்காகக் கொடுத்த சத்தியத்தை நாங்களே விடுவிக்கிறோம், பாவம் என்று ஏதாவது இருந்தால் அது என் தலையில் இறங்கட்டும் என்று அம்மனிடம் சொன்னேன். அந்தச் சூடத்தை யாரும் அணைக்கவில்லை. தானாக எரிந்து முடியும் வரை இருவரும் நின்றோம். பிறகு இருவரும் பதுளைக்குப் பஸ் ஏறினோம்.

ஹாஜியார் கடையில் அண்ணன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மச்சான், ஒங்களுக்குச் சர்க்கர தடவி சொல்ல மாட்டேன். நீங்க சாட்சி சொன்னா வேல போகும். வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. அதுக்கு நான் தனியா வழக்குப் பேசுவேன், ஆனா வருசம் ஆகும். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு மச்சான்" என்று அந்தப் பக்கம் பதில் வந்தது எனக்கும் கேட்டது.

அடுத்த தவணையில் என் வீட்டுக்காரர் கூண்டில் ஏறினார். சாட்சி உங்கள் மைத்துனர்தானே என்று எதிர்த்தரப்பு அண்ணனைக் குத்தியது. "ஆம், அதனால்தான் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரு வருடம் பேச்சில்லாமல் இருந்தது" என்றார் அண்ணன். நீதிபதிகூடச் சிரித்துவிட்டாராம். அக்கா மறுபடியும் கூண்டில் ஏறி, முன்பு சொன்னது பொய், இன்ன காரணத்துக்காகச் சொன்னேன் என்று மறைக்காமல் சொன்னார். மூன்று கார்பன் தாள்கள் மிச்சத்தைச் சொல்லின. தீர்ப்பு வர மேலும் இரண்டு வருடம் ஆனது. வழக்கு அக்காவின் பக்கம் முடிந்தது. இன்று அவருக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஒற்றைக் கையால் அவர் பொட்டலம் மடிக்கிற வேகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

அண்ணன் சொன்னபடியே எங்களுக்கு வேலையும் போனது, வீடும் போனது. ஹாலிஎலயில் சரிவான ஒரு துண்டு நிலத்தில் வீடு கட்டிக்கொண்டோம். என் வீட்டுக்காரர் வெலிமடை மரக்கறி லொறி ஓட்டுகிறார். கஷ்டப்பட்டோம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அரிசிப் பானையில் இப்போது அரிசி மட்டும்தான் இருக்கிறது.

இனி அந்தத் திருத்தம்.

எங்கள் வீட்டு வாசலுக்கு ஐந்து சிமெந்துப் படிகள். மழைக்காலத்தில் பாசி பிடிக்கும். ஒவ்வொரு ஞாயிறும் எங்களைப் பார்க்க வரும் அண்ணன், "புள்ள, இந்தப் படிக்கு ஒரு கைப்பிடி போடு. நானே விழுந்துருவேன்" என்று சொன்னார். பொங்கல் முடியட்டும் என்றேன். இன்னொரு தடவை சொன்னார், மழை விடட்டும் என்றேன். மூன்றாம் தடவை, "லோயர் ஐயா கேஸ் போடுவீங்களோ?" என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

சென்ற வருடம் ஒரு ஞாயிறு காலை, வழக்குக்கு வந்த வெலிமடைக்காரர் ஒருவர் கொடுத்த லீக்ஸ் மரக்கறிக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்த அண்ணன் மூன்றாம் படியில் சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் தாதி ஒருவர் அட்டையை வைத்துக்கொண்டு, "எங்க விழுந்தீங்க ஐயா?" என்று கேட்டார்.

ஆயிரம் பேரிடம் அண்ணன் கேட்ட கேள்வி. அவர் கட்டிலில் இருந்தபடியே என் முகத்தைப் பார்த்தார்.

"எங்க வீட்டுலதான். குளிக்கிற எடத்துல" என்றார்.

தாதி எழுதிக்கொண்டார். நான் பக்கத்திலேயே நின்றேன், வாய் திறக்கவில்லை. அவர் போன பிறகு அண்ணன் என் கையைத் தட்டி, "எல்லா வழக்கையும் பேசணும்னு இல்ல புள்ள" என்றார்.

சத்திர சிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆனால் நெஞ்சில் சளி கட்டியது. மூன்றாம் வாரம் அண்ணன் போய்விட்டார். அறிவித்தலை ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்து எழுதினார்கள். அண்ணிக்கு உண்மை தெரியும், அவர்கள் மகளுக்கும் தெரியும். அண்ணன் சொன்ன சொல்லை மீறக் கூடாது என்று இருவரும் பேசாமல் இருந்தார்கள். இரண்டாம் தடவையாக எனக்காக ஒரு குடும்பமே சூடம் அணைத்தது.

மூன்று தடவை சொல்லியும் பழுது பார்க்காதவர்களுக்கு எதிராகத்தான் அண்ணன் இருபத்திரண்டு வருடம் வழக்குப் பேசினார். அந்த வரிசையில் கடைசி ஆள் அவருடைய தங்கை. என்னைக் காப்பாற்றுவதற்காக, பதினான்கு வயதில் சொன்ன அதே பொய்யை அறுபத்தொரு வயதில் மறுபடியும் சொன்னார். அன்பினால்தான் சொன்னார். அப்பாவும் முத்துலெட்சுமி அக்காவும்கூட அன்பினால்தான் சொன்னார்கள். அண்ணே, மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வழக்கில் நான் உங்கள் பேச்சைக் கேட்கப் போவதில்லை.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட பதுளை வைத்தியசாலையின் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், துக்கம் காத்த எட்டு நாட்களும் கடையைச் சாத்திவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிய ஹாஜியாருக்கும், அண்ணனின் மேசையை இன்னும் அகற்றாமல் வைத்திருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும், மலையிறங்கி நடந்தே வந்த ஒன்பது பெண்களுக்கும், இடது கையால் அண்ணனுக்கு வாய்க்கரிசி போட்ட முத்துலெட்சுமி அக்காவுக்கும், எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆண்டு நினைவுச் சாப்பாடு ஹாலிஎலயில் எங்கள் வீட்டில். படிக்கு இப்போது கைப்பிடி இருக்கிறது, என் வீட்டுக்காரர் பொருத்தினார். வருகிறவர்கள் தயவுசெய்து அதைப் பிடித்து ஏறுங்கள்.

அண்ணனின் நோட்டுப் புத்தகத்தில் கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. அண்ணியிடம் கேட்டு வாங்கி, அதில் நான்கு வரி எழுதிவிட்டேன். உங்களுக்கும் அதைத் தருகிறேன்.

இடம்: ஹாலிஎல, தங்கையின் வீட்டு வாசல், மூன்றாம் படி.

நேரம்: ஞாயிறு, காலை எட்டரை மணி.

செய்துகொண்டிருந்த வேலை: தங்கைக்கு லீக்ஸ் கொண்டுவந்தது.

சாட்சி: நான்.